அணை உடைஞ்ச வருஷம்

வேடசந்தூருக்கு வடக்கே குடகனாற்றங்கரை ஊர்களில் பழைய ஆட்களிடம் வயது கேட்டால் எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். ‘அணை உடைஞ்ச வருஷம் பொறந்தவன்’, ‘அணை உடையறதுக்கு முந்தின தையில கல்யாணம்’ என்பார்கள். அந்த வருஷம் 1977. நான் அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி. பிறகு திண்டுக்கல்லில் அறிவியல் ஆசிரியையாகிப் பணி ஓய்வும் பெற்றுவிட்டேன். வெள்ளச் சேதம் என்று பாடப்புத்தகத்தில் வருவதெல்லாம் இடிந்த வீடு, செத்த மாடு, துண்டான சாலை. இவை எல்லாம் எங்களுக்கும் நடந்தன. ஆனால் வீடு மறுவருஷமே எழும்பிவிட்டது. மாடு பிடிக்கக் கடன் கிடைத்தது. போன மண் மட்டும் திரும்பி வரவே இல்லை. நான் எழுத நினைப்பது அந்த மண்ணைப் பற்றித்தான்.

குடகனாறு கீழ்ப்பழனி மலைச் சரிவில் பிறக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலை ஒட்டி, வேடசந்தூர் வழியாக வடக்கே வந்து, கரூர்ச் சீமையில் அமராவதியோடு சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் எங்களுக்கு அது வெறும் மணல்தான். அதில் ஆடு மேயும், வண்டி போகும், ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்போம். மானாவாரியில் சோளம், கம்பு, கடலை. கிணறு இருப்பவர்களுக்கு மிளகாயும் புகையிலையும். மழை வந்தால் சிரிப்பும் வராவிட்டால் வட்டிக் கடையுமாக இருந்த ஊர். வெள்ளம் என்றால் அது தஞ்சாவூர்க்காரர்கள் பாடு என்றுதான் அய்யா நினைத்திருந்தார்.

அந்தச் சீமைக்குத்தான் அழகாபுரியில் அணை வந்தது. மண் கரை, நடுவில் பத்தடி அகலத்தில் ஐந்து ஷட்டர்கள். ஆற்றுப் படுகையிலிருந்து முப்பத்தேழு அடிக்கு மேல் உயரம். நிரம்பினால் 43 கோடி கன அடித் தண்ணீர் நிற்கும். விநாடிக்கு 45,000 கன அடி வரை வெள்ளம் வந்தாலும் தாங்கும் என்ற கணக்கில் கட்டினார்கள். இந்த எண்களெல்லாம் பின்னாளில் நான் தேடிப் படித்தவை. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் வரப்போகிறது என்பதுதான். எங்கள் காடு அணைக்குக் கீழே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ‘இனி கமலை இறைச்ச கை ஓயும்’ என்று அப்பத்தா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி கழிந்த கையோடு மழை பிடித்தது. நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், தஞ்சாவூர், திருச்சி என்று உள்நாட்டைக் கிழித்துக்கொண்டு மேற்கே நகர்ந்தது. மாநிலத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். திருச்சி நகருக்குள் கோரையாறும் உய்யக்கொண்டானும் புகுந்தன. எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. ஒரே காற்று, ஒரே மழை, அமாவாசை இருட்டு. மேற்கே மலையில் கொட்டுவது ஆற்றின் இரைச்சலிலேயே தெரிந்தது. அய்யாவும் சித்தப்பாவும் சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார்கள்.

அணையில் நடந்ததைப் பொறியாளர்கள் பின்னால் எழுதிவைத்திருக்கிறார்கள். ஷட்டர்கள் மின்சாரத்தால் தூக்குபவை. புயலில் மின்சாரம் நின்றுபோனதால் ஷட்டர்கள் பாதி ஏறிய நிலையில் நின்றன. மாற்று ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஆட்கள் கையாலேயே சுற்றித் தூக்க முயன்றார்கள். தண்ணீர் அதற்குள் கரையின் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மண் அணையில் மேலே வழிந்த தண்ணீர் பின்சரிவில் அருவியாக இறங்கும், இறங்கும்போதே சரிவை அரித்துத் தின்னும். இருபது மீட்டரிலிருந்து இருநூறு மீட்டர் வரை நீளத்துக்குப் பல இடங்களில் கரை உடைந்தது. புத்தம் புதிய அணை அது. அடித்தளம் உறுதியாகத்தான் இருந்தது. மழை, மின்தடை, இருட்டு மூன்றும் ஒரே இரவில் கூடிவரும் என்று யாரும் திட்டம் போடவில்லை. பெருமழை பெய்யும் இரவில்தான் மின்சாரம் போகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டே ஆண்டு கழித்து, 1979 ஆகஸ்ட் 11இல், குஜராத்தின் மோர்பியில் மச்சூ அணை உடைந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டபோதும் சில மதகுகளைத் திறக்க முடியாமல்தான் போயிருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது அப்பத்தாதான். ‘ஆத்துச் சத்தம் இல்லடா இது, எந்திரிங்கடா’ என்று கத்தினாள். மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, எங்களை இழுத்துக்கொண்டு, கிழக்கே மேட்டுக் காட்டில் இருந்த கருப்பசாமி திண்டுக்கு ஓடினார்கள். அந்த இரவைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. இருட்டில் எதுவும் தெரியவில்லை. தண்ணீரில் கல் உருளும் சத்தம் மட்டும் விடிய விடியக் கேட்டது.

விடிந்த பிறகு பார்த்ததுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே நாங்கள் அறிந்த எதுவும் இல்லை. வரப்பு, வாய்க்கால், வேலி, களம், சோளத்தட்டைப் போர் எல்லாம் போய், வெள்ளை வெளேரென்று ஒரே மணல் பரப்பு. ஆங்காங்கே வேரோடு கிடந்த மருத மரங்கள். கெண்டையும் கெளுத்தியும் மணலில் செத்துக் கிடந்தன. பக்கத்து ஊர்களில் மனிதர்களும் போனார்கள். எங்கள் ஊரில் தாழ்வான பக்கம் இருந்த குடிசைகளில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. குலுக்கையில் இருந்த கம்பு நனைந்து மூன்றாம் நாளே நாற ஆரம்பித்தது. அந்தப் புளித்த வாடையும் செத்த ஆட்டு வாடையும் கலந்த காற்றில்தான் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்திருந்தோம். ஊசி போட வந்தார்கள், கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள், கஞ்சி ஊற்றினார்கள்.

அய்யா முதலில் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ‘வெள்ளம் வந்த காட்டுல அடுத்த வெள்ளாமை தங்கமா வெளையும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அப்பத்தா குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கையை மூடி, பிறகு விரித்துக் கவிழ்த்தாள். மொத்தமும் கொட்டிவிட்டது, உள்ளங்கையில் ஒரு கறைகூட இல்லை. அடுத்து, குளத்துக் கரம்பை அடித்திருந்த மேட்டுக்காட்டு மண்ணை எடுத்து அதேபோலக் கவிழ்த்தாள். கை கறுப்பாக இருந்தது. ‘கையில ஒட்டாதது வேருலயா ஒட்டப்போகுது’ என்றாள். பிறகு வகுப்பில் மண் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளை இப்படித்தான் செய்யச் சொல்வேன்.

அவள் கண்டது முழுக்கச் சரி. ஆறு மெல்ல ஏறி, வயலில் பரவி, நின்று வடியும்போது நுண்ணிய வண்டலை விட்டுப் போகும். காவிரிப் படுகையைச் செழிக்க வைத்தது அந்த வண்டல்தான். உடைந்த அணையின் தண்ணீர் நிற்பதற்கு வருவதில்லை. வருகிற வேகத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். கனமில்லாத வண்டல் தண்ணீரோடு மிதந்து அமராவதிக்கும் காவிரிக்கும் போய்விடும். வேகம் குறைகிற இடத்தில் முதலில் படிவது பருமணல்தான். இரண்டு வகையும் வெள்ளம் என்றுதான் கணக்கில் எழுதப்படும். ஒரு அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்று நான் வருடாவருடம் கரும்பலகையில் எழுதினேன். எழுதும்போதெல்லாம் எங்கள் நஞ்சைத் துண்டு நினைவுக்கு வரும். அய்யாவின் தாத்தா காலத்திலிருந்து ஆட்டுக்கிடை போட்டு, குப்பை அடித்து, கொழிஞ்சி மடக்கி உழுது ஆக்கி வைத்திருந்த மண், ஒரு இராத்திரியில் போனது.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதடிக் கல்கட்டுக் கிணறு. அதன் வாய் எங்கே இருக்கிறது என்பதையே கமலைக் கல்லின் தலை துருத்திக்கொண்டிருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். உதட்டளவுக்கு மணல் நிறைந்திருந்தது. எஞ்சின் வைத்து இறைத்தால் மணல் பம்பைத் தின்றுவிடும் என்று கூடையும் கயிறுமாக இறங்கினார்கள். மேலே சித்தப்பாவும் மாடும், உள்ளே அய்யாவும் கூலியாட்களும். கூடை மேலே வர வர அம்மாவும் அத்தைமாரும் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அண்ணனும் அதே வேலை. மேலே வெறும் மணல். அதற்குக் கீழே இலையும் சருகும் மரக்கிளையும். பிறகு ஒரு கதவு நிலை, நசுங்கிய அரிக்கேன் விளக்கு, யாருடையதென்றே தெரியாத சைக்கிள் சக்கரம், ஆட்டு எலும்பு. இன்னொரு முறை மணல். அடிக்குப் போகப் போகக் கறுப்புச் சேறு, மூக்கைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும். ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் கசியப் பார்த்த அன்று அம்மா கிணற்றடியில் சூடம் கொளுத்தினாள். அதற்குள் மாசி பிறந்திருந்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணீரைப் பாய்ச்ச மேல்மண் இல்லை. மணலில் பாய்ந்த தண்ணீர் மடையைத் தாண்டவில்லை.

வரப்போடு எல்லைக்கல்லும் போனதால் ஊருக்குள் இன்னொரு வெள்ளம் வந்தது. யார் காடு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை பழைய புலப்படத்தையும் சங்கிலியையும் வைத்துக்கொண்டு அளந்தார். ஆறே கரையை மாற்றிக்கொண்டிருந்ததால் எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்பதிலேயே தகராறு. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மதுரைக்கு (அப்போது நாங்கள் மதுரை மாவட்டம், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான்) வழக்குக்குப் போய் வந்தே காட்டை விற்றவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் சித்தப்பா தனியாகப் போனார். அவர் குடும்பம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனது அந்த மணலால்தான். அவர்களை ‘வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள்’ பட்டியலில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பட்டியல் போட வந்தவர்கள் நல்லவர்கள்தான். குடிசைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, அரிசி, போர்வை என்று எழுதிக்கொண்டார்கள். மண்ணுக்கு எழுத அவர்களிடம் கட்டம் இல்லை. நாட்டின் கவனமும் ஒரே வாரத்தில் வேறுபக்கம் திரும்பியது. நவம்பர் 19ஆம் தேதி ஆந்திரத்துத் திவிசீமையில் கடல் பொங்கிப் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்தத் துக்கத்துக்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம். ஆனால் பேரழிவுகளை ஒன்றுக்கு ஒன்று எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு அன்றிலிருந்தே பிடிக்காமல் போனது. பெரிய சாவு நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் சின்னச் சாவும் சாவுதான்.

ஆறு கீழே போய்ச் சேரும் வழியில் வெஞ்சமாங்கூடலூர் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம், கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற ஏழில் ஒன்று. அந்தக் கோயிலையும் 1977 வெள்ளம் அடித்துப் போட்டது. கல்லும் சிலையும் ஆற்றில் சிதறின. ஈரோட்டுப் பக்கத்து அடியார்கள் ஊர் ஊராகப் பொருள் திரட்டி, கல் கல்லாகத் தேடி எடுத்துக் கட்டி, 1986இல் குடமுழுக்கு நடத்தினார்கள். கல்யாணமான புதிதில் அங்கே போனேன். எங்கள் மண்ணும் இந்த வழியாகத்தான் போனது என்று தோன்றி அழுதேன். கூட வந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோயில் திரும்பி வந்தது, அணையையும் திரும்பக் கட்டினார்கள். ஆற்றங்கரை திரும்பவில்லை. மருதும் நாவலும் புங்கும் இருந்த கரையில் மணல் மேட்டைப் பிடித்தது சீமைக்கருவேலம்தான். வேறு எதுவும் வேர்பிடிக்காத இடத்தில் அதற்குத் தடை சொல்ல ஆளில்லை. ஆடு நெற்றைத் தின்று காடெங்கும் விதைத்தது. சில வருஷங்களில் படுகைக்குள்ளேயே புதராக இறங்கிவிட்டது. பிறகு லாரிகள் வந்தன. எங்கள் காட்டைக் கெடுத்த அதே மணலுக்கு விலை வந்தது. படுகையில் பள்ளம் விழ விழ, ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வந்த காலமும் முடிந்தது.

நான் வேலைக்குத் திண்டுக்கல் வந்தபோது ஆற்றின் வேறொரு துன்பத்தைப் பார்த்தேன். தோல் ஷாப்புகளின் கழிவு ஓடையிலும் குளத்திலும் தேங்கி, மழைக்காலத்தில் பெருகி வழிந்து, கிணறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் வற்றவைத்தோம். அடியில் விரலால் வழிக்கிற அளவுக்கு உப்பு நின்றது. தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பும், பதனிடும் குரோமியமும் மேல் குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் எப்படிப் பரவுகின்றன என்று ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் பின்னால் ஆய்வு செய்தார்கள். நல்ல வெள்ளம் வருடத்துக்கு ஒரு முறையாவது ஓடினால்தான் இந்த உப்பு நீர்த்துப்போகும், கிணறு தேறும். அதனால் எனக்கு வெள்ளம் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு ஆறாக ஓடும் வெள்ளம் வேண்டும். கட்டி வைத்ததை அவிழ்க்க முடியாமல் அறுத்துக்கொண்டு வரும் வெள்ளம் வேண்டாம். ஆத்தூரில் ராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் எவ்வளவு, குடகனாற்றுக்கு எவ்வளவு என்று இன்றுவரை நடக்கும் தகராற்றில் கீழ்க்கரை ஊர்கள் கேட்பது அந்த முதல் வகை வெள்ளத்தைத்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி நேராக எங்கள் மாவட்டத்தின் மேல் வந்தது. ஏறக்குறைய 1977இன் அதே தடம். விடிகாலையில் திண்டுக்கல்லில் மின்சாரம் நின்றதும் எனக்குக் கை நடுங்கியது. அண்ணனைக் கூப்பிட்டேன். ‘ஆத்துல இன்னும் தண்ணி வரல தாயி, பயப்படாத’ என்றார். அவரும் தூங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரும் அன்று எழுந்து ஆற்றைப் பார்க்கவில்லையாம். ஆற்றோரத் தாழ்வில், பழைய குடிசைகள் இருந்த அதே இடத்தில், இப்போது மெத்தை வீடுகள் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வறண்டு கிடக்கும் படுகையைப் பார்த்து வளர்ந்தவர்கள், அது எவ்வளவு தூரம் வரும் என்று எதை வைத்துக் கணிப்பார்கள்?

கருப்பசாமி திண்டில் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு அய்யா உளியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். சுற்றிச் சிமெண்டு பூசியபோது அது மறைந்துவிட்டது. 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், அணை உடைந்தால் என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டம் ஒவ்வொரு பெரிய அணைக்கும் இருக்க வேண்டும் என்கிறது. எந்த ஊருக்குத் தண்ணீர் எப்போது வரும், எங்கே ஓடுவது என்று அதில் இருக்க வேண்டும். அது அலுவலகக் கோப்பில் இருந்தால் போதாது. அழகாபுரியிலிருந்து அமராவதி வரை ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு எழுதி வைக்க வேண்டும். மழைக்கு முன்னால் ஷட்டர்களை மின்சாரம் இல்லாமல் தூக்கிப் பார்க்க வேண்டும், அதை ஊர் ஆட்களும் நின்று பார்க்க வேண்டும். படுகையில் இருக்கும் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். அண்ணன் இதையெல்லாம் மனுவாக எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மணல் காட்டில் இப்போது முருங்கை போட்டிருக்கிறார், சுமாராக வருகிறது. காய் பறிப்பு இல்லாத நாளில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் வந்தால் அந்த மனுவை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் வருவார். வரும்போது நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.